ஒரு காது திறந்திருக்க வேண்டும்

என் தங்கையின் இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் முழுதாக உண்டு. மற்ற நாலும் அவளுடைய பதினாறாவது வயதில் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைக்குள் போயின. அப்போது நான் ஊரில் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஓட்டுச் சூளை, லாரி, பம்பாய் என்று அலைந்துகொண்டிருந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. விரல் போன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது புண் ஆறிவிட்டது.

பாறசாலைக்குத் தெற்கே, காரோடு போகும் வழியில் எங்கள் வீடு. குடியிருந்த மண் ஒரு ஜன்மியுடையது, அதாவது ஊர் நிலவுடைமைக்காரருடையது. நிலச் சட்டம் வந்தபோது பிறர் மண்ணில் குடிசை கட்டி இருக்கும் குடிகிடப்புக்காரன் என்ற பாத்தியதையில் அப்பாவின் பெயரில் பத்து சென்ட் பதிந்து கிடைத்தது. மண் கிடைத்த அன்றே வேலை போயிற்று. ஜன்மி வீட்டுத் தோப்பில் அப்பாவை அதற்குப் பிறகு யாரும் வேலைக்கு விளிக்கவில்லை. அதனால்தான் தங்கை கிழக்கே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். உறைந்த ரப்பர் பாலை உருளைக்குள் தள்ளும் வேலை. சொந்த மண்ணில் குடியிருக்கலாம் என்றான பிறகு அவள் கை போனது. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எங்கள் வீட்டில் பேசியதே இல்லை.

கை ஆறியதும் பத்தாம் வகுப்பை எழுதி முடித்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முதலில் வார்டு பெருக்கினாள். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் ஓடும், எழுத்தும் அழகு என்பதால் பிறகு அவளை டெலிஃபோன் மேஜையில் உட்கார்த்தினார்கள். தற்காலிகம்தான். ஆனாலும் நாற்காலி. எனக்கு எந்த நாற்காலியிலும் உட்காரப் பொறுமை கிடையாது. அவளுக்கோ அந்த ஒரு நாற்காலிதான் வேண்டியிருந்தது.

அந்த மேஜையின் வேலை சாதாரணமானதல்ல. வார்டுகளில் ஃபோன் இல்லை. படுத்துக் கிடக்கிற கிழவனுக்கும் கிழவிக்கும் கல்ஃபிலிருந்து பிள்ளைகள் விளித்தால் இவள்தான் எடுக்க வேண்டும். சொல்வதைக் கார்பன் வைத்த நோட்டில் எழுதி, மேல் தாளைக் கிழித்து வார்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்கு முழுவதும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பேசுகிறவன் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு கொடுத்துப் பேசுகிறான். கொஞ்சம் நில்லுங்கள் என்று அவனிடம் சொல்ல முடியாது. அதே நேரத்தில் வலது பக்கத்து ஜன்னலில் சீட்டு வாங்க வந்த கூட்டம் நின்று அழைத்துக்கொண்டிருக்கும்.

வலது கையால் எழுத வேண்டும். நோட்டு நகராமல் இடது உள்ளங்கையால் அமுக்க வேண்டும். ரிசீவரைப் பிடிக்கக் கை இல்லை. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொள்வாள். எல்லோரும் செய்கிறதுதான், ஆனால் வழுக்கினால் மற்றவர்கள் இடது கையால் பிடித்துக்கொள்வார்கள். இவளால் முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி வழுக்கி விழுந்தது. லைன் அறுந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்தவன் தன் பெயரையும் அப்பாவின் கட்டில் நம்பரையும் மட்டும் சொல்லி முடித்திருந்தான். அன்றைக்கு அவனுக்குத் திரும்ப லைன் கிடைக்கவில்லை. மகன் விளித்தானா என்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கிழவர் சனிக்கிழமை இறந்துபோனார். மகன் லீவில் வந்து ஜன்னலில் நின்று, அன்றைக்கு ஃபோன் எடுத்தது யார் என்று கேட்டானாம். இவள் எழுந்து நின்றாளாம். அவன் அவளுடைய கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். திட்டியிருக்கலாம் என்று எனக்கு எழுதியிருந்தாள்.

ஆஸ்பத்திரி செக்ரட்டரி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் உண்டு. மூன்று மாதம் பார்ப்பதாகவும், அதற்குள் குறை இல்லாமல் நடந்தால் ஸ்திர வேலைக்கு எழுதுவதாகவும், இல்லையென்றால் வேறு பெண்ணை உட்கார்த்த வேண்டிவரும் என்றும் சொல்லியிருந்தார். வார்டு பெருக்கும் வேலை எப்போதும் இருக்கும் என்றாராம். ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பார்.

அந்தக் கடிதம் வந்தபோது நான் கல்ஃபில் ஒரு கம்பெனி ஆபீஸில் தரை துடைத்து, சாயா கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே டெலிஃபோன் மேஜையில் ஒரு மங்களூர்க்காரி இருந்தாள். தலையில் வளைந்த கம்பி, ஒரு காதில் வட்டமான பஞ்சு, வாய்க்கு முன்னால் ஒரு சின்னக் குழல். இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டே நாள் முழுக்கப் பேசுவாள். ஒரு வருஷமாகத் தினமும் அவளுக்குச் சாயா வைக்கிறேன், அந்தச் சாதனத்தை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடிதம் வந்த மறுநாள்தான் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தங்கையின் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். பிறகு வயரின் நுனியை உருவிக் காட்டினாள். ரிசீவரின் சுருள் வயர் ஃபோனில் சொருகும் ஓட்டையில்தான் இதையும் சொருக வேண்டும், எல்லா ஃபோனுக்கும் எல்லாமும் சேராது, அங்கேயுள்ள ஃபோனின் சொருகியைத் தெரிந்துகொள்ளாமல் காசைப் போடாதே என்றாள். அப்புறம், உன் தங்கைக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்களா என்று கேட்டாள். நிற்பார்கள் என்றேன். அப்படியானால் ஒற்றைக் காது உள்ளதை வாங்கு, ஒரு காது திறந்திருக்க வேண்டும் என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் விளங்கியது.

தங்கைக்கு எழுதினேன். பதிலுக்கு அவள் அனுப்பிய காகிதத்தில் ஒரு நீல அச்சு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வயரின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி உருவி, ஆபீஸ் முத்திரையின் மைப்பெட்டியில் தொட்டு, காகிதத்தில் பதித்திருக்கிறாள். நகத்தளவு சதுரம். அதில் நாலு கோடு. அந்த ஐந்து நிமிஷமும் ஃபோன் செத்துக் கிடந்ததாகவும், யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் கீழே எழுதியிருந்தாள். மங்களூர்க்காரி தன் சொருகியை அந்த அச்சின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, சேரும் என்றாள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவை முன்னால் இழுத்தேன். அதற்குள்ளேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

கடைக்காரன் மலப்புறத்துக்காரன். மூன்று விதம் எடுத்து வைத்தான். ஒன்று காதின் பின்னால் கொக்கி மாதிரி மாட்டுவது, கம்பியே கிடையாது. குனிந்து எழுதும்போது விழும் என்று அதைத் தள்ளினேன். இரண்டாவது மங்களூர்க்காரி வைத்திருப்பது போல ஒற்றைக் காது. மூன்றாவது இரண்டு காது. தடித்த கறுப்புப் பஞ்சு, அகலமான கம்பி, வயருக்கு நடுவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பெட்டி. இரண்டுக்கும் சொருகி ஒன்றேதான். காகிதத்தை விரித்து அச்சின் மேல் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

கையில் வைத்துப் பார்க்கும்போது ஒற்றைக் காது உள்ளது உடைந்த சாமான் போல இருந்தது. ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் நெற்றிப்பொட்டில் முட்டுவதற்கு வெறும் ரப்பர் துண்டு. எங்கள் ஊரில் கல்ஃப்காரன் பெட்டியைத் தனியாக இருந்து திறக்கக் கூடாது. சொந்தமும் அண்டை அயலும் வந்து முற்றத்தில் சுற்றி நிற்க வேண்டும். ஒவ்வொரு சாமானும் கை மாறிப் போய் எல்லாருடைய மதிப்பீட்டையும் வாங்கித் திரும்பி வரும். தங்கைக்குக் கொண்டு வந்தது பாதிதான், மற்ற பாதிக்குக் காசு எட்டவில்லை போல என்று ஒருத்தர் சொன்னால் அது பத்து வருஷம் நிற்கும்.

அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பாதிக் கையோடு இருப்பவளுக்குப் பாதியாக ஒன்றை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு காது உள்ளதை வாங்கினேன்.

பெட்டி திறந்த அன்று அது எல்லாருடைய தலையிலும் ஏறி இறங்கியது. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, மாட்டிக்கொண்டு ரேடியோ எங்கே என்று தேடினாள். பக்கத்து வீட்டுக் கிழவர் கையில் தூக்கி எடை பார்த்தார்.

“எலே, இது பிளேன் ஓட்டுகவனுக்கு உள்ளதாக்கும். உனக்க தங்கச்சி ஆஸ்பத்திரியையா பறத்தப் போறா?”

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாங்கியது சரி என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை நானே கூடப் போய் மாட்டிக் கொடுத்தேன். அச்சுப்படி சொருகி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் சத்தம் இல்லை. நான் சொருகியைக் கழற்றிக் கழற்றித் திரும்பச் சொருகிக்கொண்டிருந்தபோது தங்கைதான் அந்தப் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்சைக் கண்டாள். அதை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் மூன்றாவது இடத்தில் டயல் டோன் வந்தது. செக்ரட்டரி எட்டிப் பார்த்து, கொள்ளாமே, நன்றாயிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை அவளைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வெளியே வந்தவளின் முகம் சரியில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சொன்னாள். ஃபோன் நன்றாகக் கேட்கிறது. மற்றது எதுவுமே கேட்கவில்லை. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். இவள் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. பொழியூர்ப் பக்கத்துக்காரி, கடலோரத்துக் குரல், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டதாம்: பிள்ளை செத்தாலும் இவளுக்குப் பாட்டுத்தான் பெரிது என்று. அந்தக் காலத்தில் கல்ஃபிலிருந்து வந்த வாக்மேனைக் காதில் மாட்டித் திரியும் பையன்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். கறுப்புப் பஞ்சு இரண்டு காதிலும் இருந்தால் அது பாட்டு என்பதுதான் சனங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பொழியூர்க்காரி மேல் தப்பில்லை.

அன்றைக்கே அப்படி இரண்டு புகார். செக்ரட்டரி கூப்பிட்டு, இந்த வெள்ளிக்கிழமை நானே வந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். மூன்று மாதம் முடிய அதற்குமேல் இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு பக்கத்துப் பஞ்சைத் தூக்கிக் காதுக்கு மேலே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அதையும் செய்து பார்த்தாளாம். அதிலிருந்தும் சத்தம் கசிகிறது, குனிந்தால் நழுவித் திரும்பக் காதை மூடுகிறது, ஜன்னலில் நிற்பவர்களுக்கு அப்போதும் பாட்டாகத்தான் தெரிகிறது என்றாள்.

மாற்றிக்கொண்டு வரக் கடை பக்கத்திலா இருக்கிறது? வியாழக்கிழமை காலையில் திருவனந்தபுரம் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். பம்பாய்க்கு எழுதிப் போட்டால் வரும் என்றார்கள். எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைச் சீக்கிரமே கூட்டிக்கொண்டு பாறசாலையில் இறங்கினேன். வழியில், மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். மங்களூர்க்காரி ஒற்றைக் காதுதான் வாங்கச் சொன்னாள் என்று.

அவள் நடையை நிறுத்தினாள்.

“பின்னே ஏன் இத வாங்கினீங்க?”

“ஒண்ணு மட்டும் இருந்தா ஆளுவ பாதிண்ணு சொல்லுவாவ மக்கா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானைக்குள் எப்போதும் மறைத்தே வைத்திருக்கும் இடது கையை வெளியே எடுத்து ஒருமுறை பார்த்தாள். “பாதின்னா என்னண்ணு எனக்கிட்ட கேட்டிருக்கலாம் அல்லியா?” என்றாள்.

ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவன் இருந்தான். அவனுடைய மேஜையில் ஹெட்செட்டை வைத்து, வலது காதை வெட்டி எடுக்க முடியுமா என்று அவள்தான் கேட்டாள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த மாதிரி ஒன்றைத் திறந்ததில்லை என்று ஒத்துக்கொண்டான். வயர் தலைமுடி கனம்தான் இருக்கும், இரண்டு காதும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்திருந்தால் ஒன்றை வெட்டும்போது மற்றதும் செத்துப்போகும், திரும்பக் கோக்க முடியுமா என்பது திறந்த பிறகுதான் தெரியும் என்றான்.

எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இது போனால் தோளில் இடுக்கிய பழைய ரிசீவர்தான். வேண்டாம், அப்படியே பஞ்சைத் தூக்கி வைத்துச் சமாளிப்போம் என்றேன்.

“வெட்டுங்க அண்ணாச்சி,” என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒண்ணு போனா மத்தது பழகிக்கிடும். எனக்குத் தெரியும்,” என்றாள்.

வெட்டினான். சொருகியின் பக்கத்து வயரைப் பிரித்து ஒரு டார்ச் பேட்டரியில் தொட்டான். சரியாக இருந்தால் காதில் கரகரவென்று கேட்கும் என்றான். அவள் இடது காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டான். இல்லை. நான் கடைக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். ஒரு தமிழ்நாட்டு பஸ் போனது, ஒரு கேரளா பஸ் வந்தது. எதிலாவது ஏறிப் போய்விடலாம் போல இருந்தது. கஷ்டம் வரும்போதெல்லாம் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

உள்ளே அவன் வெட்டிய இடத்தில் இரண்டு முனைகளையும் சுரண்டி ஒன்றாக முறுக்கி ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். ஊதி ஆற்றி, திரும்பவும் பேட்டரியில் தொட்டான்.

“கேக்குது,” என்றாள் அவள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வலது பக்கம் காது போன இடத்தில் கம்பி முனை குத்தியது. வீட்டுக்கு வந்து பழைய பாண்டேஜ் துணியைச் சுற்றித் தைத்தாள். இப்போது அது கடையில் நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த சாமானைப் போலவே இருந்தது. கொஞ்சம் அசிங்கமாக, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரிக் கூட்டத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. செக்ரட்டரி அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. அவள் எடுத்தாள். மலையாளத்தில் கட்டில் நம்பர் கேட்டாள். நோட்டை இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பாதியில் ஜன்னலுக்கு முன்னால் நின்ற கிழவி, “பிள்ளே, கண்ணு டாக்டர் வந்தாரா?” என்று கேட்டாள்.

தங்கை எழுதுவதை நிறுத்தவில்லை. ஃபோனில் பேசுவதையும் நிறுத்தவில்லை. நோட்டை அமுக்கியிருந்த இடது கையைத் தூக்கி, சற்று நில்லுங்கள் என்று கிழவிக்குக் காட்டினாள். நாலு விரல் இல்லாத கை. அத்தனை பேர் பார்க்கத் தூக்கினாள். நோட்டு நகர்வதற்குள் இறக்கிவிட்டாள். கிழவி சரி என்று நின்றாள். லைனில் இருந்தவன் சொல்லி முடித்ததும் அவள் தாளைக் கிழித்து அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டு, கிழவியிடம் தமிழில், பத்து மணிக்கு வருவார், அந்த பெஞ்சில் இருங்க என்றாள். அடுத்த மணி அடித்தது.

செக்ரட்டரி அரை மணி நேரம் இருந்தார். பிறகு நாற்காலியை எடுத்துச் சுவரோரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. என் லீவு முடிந்தது. முடிவு தெரியாமலே விமானம் ஏறினேன்.

கல்ஃபுக்குத் திரும்பியதும் மங்களூர்க்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். நீ சொன்னதைக் கேட்கவில்லை என்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அன்றைய சாயாவில் சர்க்கரை போதாது என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பூத்தில் போய் வரிசையில் நின்று ஆஸ்பத்திரி நம்பரைச் சுழற்றினேன். ஒன்பதாவது தடவை லைன் கிடைத்தது.

“ஹலோ, ஆஸ்பத்திரியாணு,” என்றது அவள் குரல். நான் வாயைத் திறப்பதற்குள், “அம்மா, அந்த சீட்ட இஞ்ச தாங்க,” என்று தள்ளி நின்ற யாரிடமோ சொன்னது. பிறகு திரும்ப என்னிடம், “ரோகியுடெ பேரு?”

“ரோகி இல்ல மக்கா, நானாக்கும்.”

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் எதையோ எழுதிவிட்டாள் போல.

“வெள்ளிக்கிழமையா விளிக்கது, அண்ணா?”

“ஸ்திர வேலைக்கு ஆர்டர் வந்துதா?”

“செவ்வாய்க்கிழமையே வந்தாச்சு. காகிதம் போட்டிருக்கேன், வந்து சேரும். இப்ப வைங்க. ஆராவது லைன் கிடைக்காம நிப்பாவ.”

வைத்துவிட்டாள். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் எவனுக்காவது நெய்யாற்றின்கரையில் அப்பனோ அம்மையோ படுத்திருக்கலாம். ரிசீவரை வைத்துவிட்டு அவர்களுக்கு வழிவிட்டு வெளியே வந்தேன்.